குறைகுடம்

உலான்பாத்தரில் ஒன்பதாம் மாடி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்திருக்கிறது.
உள்ளே, கீரைத் தொட்டிகளின் ஈர மண்ணிலிருந்து
கடுகளவு கறுப்புப் பூச்சிகள் கிளம்பித்
தேநீரில் விழுகின்றன.
தூங்கும் லுவ்சானின் மூக்கைச் சுற்றுகின்றன.

"தொட்டியா நானா, முடிவு செய்" என்றான்.
சோல்மோன் மூன்று நாள் யோசித்தாள்.
(அது அவனுக்குக் கொஞ்சம் வலித்தது.)

ஞாயிறு காலை, குளியலறை,
ஒரு வாளி வெதுவெதுப்பான நீர்.
செடியைக் கவிழ்த்து, தொட்டியின் பின்புறம் தட்டி,
வேரும் வேரடி மண்ணுமாக உருவி எடுத்து
அலசினாள்.
முட்டையோட்டுத் துண்டு ஒன்று உதிர்ந்தது,
பிறகு போன வருஷம் தொலைந்த கோட்டுப் பொத்தான்.
அலச அலச வேர் வெளுத்துக்கொண்டே வந்தது,
நீர் கறுத்துக்கொண்டே போனது.
கடைசியில் கையில் மிஞ்சியது
ஊறிய சேமியா போல் ஒரு கொத்து.
இவ்வளவுதானா நீ என்றாள்.

வெள்ளரி ஊறுகாய் வந்த மூன்று லிட்டர் ஜாடிகள், ஏழு.
மூடியில் ஓட்டை போட அவனுடைய ஸ்குரூடிரைவர்.
உரப்பொடி, கரண்டியைத் தலைதட்டி ஒன்று.
கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்குமாம்.
அவன் கால்சட்டைகளில் நான்கை
முழங்காலோடு வெட்டி
ஜாடிகளுக்கு மாட்டினாள்.
ஒரு கால் மிஞ்சியது.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கழுத்துவரை ஊற்றினாள்.
தன் வீட்டில் எதற்கும் தாகம் எடுக்கக் கூடாது.
இரண்டு விரல் குறைந்தால் உடனே நிரப்பினாள்,
ஷிஃப்டுக்குப் போகுமுன் ஒருமுறை,
வந்து பூட்ஸைக் கழற்றாமலே ஒருமுறை.

பத்தாம் நாள் வேர் பழுத்தது.
பதினோராம் நாள் நாறியது.
ஐந்து ஜாடிகளைக் கழிப்பறையில் கவிழ்த்தாள்.
குடித்துக் குடித்தே
மூச்சு முட்டிச் செத்திருந்தன.

மிச்சம் இரண்டும் திரைச்சீலைக்குப் பின்னால்
அவள் மறந்துபோனவை.
அவற்றில் நீர் பாதிக்கு இறங்கியிருந்தது.
மேல்பாதியில், ஈரக் காற்றில்,
பஞ்சு பிடித்தாற்போல் குட்டை வேர்கள்.
அவற்றுக்குக் கீழே, நீர் போன தூரமெல்லாம்
துரத்திப் போன நீள வேர்கள்.
ஒரே செடி, ஒரு பாதியால் குடிக்கிறது,
ஒரு பாதியால் மூச்சு விடுகிறது.

குறைகுடம் கூத்தாடும் என்பார்கள்.
இங்கே கூத்தும் இல்லை, சத்தமும் இல்லை.
காலியாய்க் கிடந்த பாதியில்தான்
வேலை நடந்திருந்தது.

அனல்மின் நிலையத்தில் அவளுக்கு எடைமேடை வேலை.
இரவெல்லாம் வேகன்கள்.
வேகனுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு கையெழுத்து.
ஒரு விடியற்காலை, வீட்டில் விளக்கின் பிளக்கைச் செருகும்போது
கை அப்படியே நின்றது.
எந்தக் காலத்துக் காடோ,
எந்தக் காலத்து வெயிலோ,
நிலத்துக்கடியில் கிடந்து கரியாகி,
வேகனேறி, தன் கையெழுத்தும் வாங்கி,
கம்பியேறி ஒன்பது மாடியேறி,
இதோ, ஒரு லெட்டூஸ் இலைமேல்
ஊதா வெளிச்சமாய் விழுகிறது.
வாசல் வழியாக வெளியே அனுப்பிய மண்
சுவர் வழியாக வந்து நிற்கிறது.

அந்த வாளி இன்னும் பால்கனியில்தான்.
கறுப்பு நீரும் மண்ணும் ஒன்றாய் உறைந்து
ஆள் ஏறி நின்றாலும் அசையாது.
கீழே கொட்டலாம் என்றால்
தரையே இரும்பு.

ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டையோடு
முதல் நான்கு இலைகள் தட்டுக்கு வந்தன.
"புல்லை ஆடு தின்னும், ஆட்டை நாம் தின்போம்.
நடுவில் ஏன் அவசரம்?" என்றான் லுவ்சான்.
மூன்று இலைகளை அவனே தின்றான்.

அவள் ஜாடியைப் பார்த்தாள்.
நீர் இன்னொரு விரல் இறங்கியிருந்தது.
கை குவளைவரை போயிற்று.
பிறகு, பெரும்பாடுபட்டு,
தேநீருக்குத் திரும்பியது.
தேநீரில் பூச்சி இல்லை.